வாராமையும் வருகையும்: மறையெழுத்து ஆய்வின் வரலாற்றில் தமிழ் எழுத்திலக்கணத்தின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

மறையெழுத்தை விடுவிக்கும் கலை, கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் அரபு மொழியறிஞர்களிடம் முறையான அறிவாக உருப்பெற்றது. எழுத்துகளின் பிறப்பு, மயக்கம், மொழிமுதல், மொழியிறுதி ஆகியவற்றை நுட்பமாக வகுத்த தமிழ் இலக்கண மரபு அத்தகைய கலையை ஏன் தோற்றுவிக்கவில்லை என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. தமிழில் மறையெழுத்து இருந்தது என நிறுவ முயலும் கருத்துகளும், இந்தியப் பங்களிப்பைச் சில வரிகளில் கடந்துசெல்லும் மேலைநூல்களும் இங்கே மறுபரிசீலனைக்கு உள்ளாகின்றன. தொல்காப்பியர் எவற்றை எண்ணினார், எவற்றை எண்ணவில்லை என்பதே இக்கட்டுரையின் மையம்.

திறவுச்சொற்கள்: மறையெழுத்து, குழூஉக்குறி, மிறைக்கவி, மெய்ம்மயக்கம், அல்-கிந்தி, தமிழி

முன்னுரை

‘மறை’ என்னும் சொல் தமிழில் வேதத்தையும் குறிக்கும், கமுக்கத்தையும் குறிக்கும். இந்த இருபொருண்மையே ஆய்வுலகில் ஒரு குழப்பத்துக்கு இடமளித்திருக்கிறது. வெளிப்படையாகப் பொருள் விளங்காத எதனையும் ‘மறைமொழி’ என்று பெயரிட்டு, பின்னர் அதனையே ‘சங்கேத எழுத்து’ எனப் பொருள்விரித்து, முடிவில் ‘பழந்தமிழர் மறையாக்கவியல்’ என்று தலைப்பிடும் போக்கு கருத்தரங்கக் கட்டுரைகளில் பெருகிவருகிறது. சித்தர் பரிபாஷை, மிறைக்கவி, குழூஉக்குறி ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே கயிற்றில் கட்டப்படுகின்றன. மூன்றும் மூன்று வேறு செயல்கள். அவற்றுள் எதுவும் வரலாற்றாசிரியர்கள் ‘சைஃபர்’ எனக் குறிக்கும் எழுத்துமாற்று முறையன்று.

வேறுபாட்டைத் தெளிவுபடுத்த இக்கட்டுரையில் மூன்று சொற்கள் ஆளப்படுகின்றன. ஒரு சொல்லுக்கு ஈடாக வேறொரு சொல்லை வழங்குவது சொன்மறை. ஓர் எழுத்துக்கு ஈடாக வேறோர் எழுத்தையோ குறியையோ ஒழுங்கான விதிப்படி இடுவது எழுத்துமறை. செய்தி இருப்பதே பிறர் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிப்பது இருப்புமறை. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என வழங்குவதாக நன்னூல் உரை காட்டும் குழூஉக்குறி சொன்மறையாகும். அதனை எத்துணை நேரம் உற்றுநோக்கினாலும் ‘பறி’ என்பதன் எழுத்துகளிலிருந்து ‘பொன்’ பிறக்காது. குழுவில் ஒருவர் சொன்னால்தான் தெரியும். எழுத்துமறையோ எவரும் சொல்லாமலே விடுவிக்கத்தக்கது. இந்த இயல்பே அதனை மொழியறிஞனின் பொருளாக்கியது.

மேலைநூல்களில் இந்தியா

டேவிட் கான் 1967இல் வெளியிட்ட ‘தி கோட்பிரேக்கர்ஸ்’ இத்துறையின் அடிப்படை வரலாற்று நூல். சைமன் சிங் 1999இல் எழுதிய ‘தி கோட் புக்’ அதனினும் பரவலாகப் படிக்கப்படுவது. இரண்டிலும் இந்தியா காமசூத்திரத்தின் வழியாக நுழைகிறது. வாத்ஸ்யாயனர் அடுக்கும் அறுபத்து நான்கு கலைகளுள் ‘மிலேச்சித விகல்பம்’ ஒன்று. சிங் இதனை விளக்கும்போது, எழுத்துகளை மனம்போனபடி இணையிணையாக்கி ஒன்றன் இடத்தில் மற்றதை எழுதும் முறை காமசூத்திரத்திலேயே கூறப்பட்டிருப்பதுபோன்ற தோற்றம் எழுகிறது. மூலநூலில் இருப்பது கலையின் பெயர் மட்டுமே. முறையைக் கூறுபவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின், 13ஆம் நூற்றாண்டளவில் ‘ஜயமங்களா’ உரையை எழுதிய யசோதரர். மூலத்தின் காலத்தை உரையின் செய்திக்கு ஏற்றுவது, உரைமரபில் பயின்ற தமிழ் மாணவர் எவரும் முதலாண்டிலேயே தவிர்க்கக் கற்கும் பிழை.

மற்றொரு திருத்தமும் தேவை. யசோதரர் சுட்டும் ‘மூலதேவீயம்’ மனம்போன இணைப்பன்று. ச-வருக்கத்தின் இடத்தில் ட-வருக்கம், த-வருக்கத்தின் இடத்தில் ப-வருக்கம் என எழுத்துகள் ஒலிப்பிறப்பின் வைப்புமுறையைப் பற்றிக்கொண்டு மாறுகின்றன. இணைகள் தம்முள் மாறுவதால் எழுதவும் படிக்கவும் ஒரே பட்டியல் போதும். நெட்டுருப்போட எளியது, எனவே பேச்சிலும் பயன்படத்தக்கது. இன்றும் நம் சிறுவர் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் வேறோர் எழுத்தைச் செருகிப் பேசும் விளையாட்டு மொழிக்கு இது தூரத்து உறவு எனலாம். ஒலியியல் அறிவு மறைத்தலுக்குப் பயன்பட்டதற்கு இது நல்ல சான்று. ஆனால் அதே அறிவைத் திருப்பிப் பயன்படுத்தி, பட்டியல் அறியாத ஒருவர் அதனை விடுவிக்கலாம் என்ற எண்ணம் யசோதரரின் விளக்கத்தில் இல்லை.

அர்த்தசாத்திரத்தின் ஒற்றர் பகுதி ‘ஸம்ஜ்ஞாலிபி’, அதாவது குறியெழுத்து வழியே செய்தி அனுப்புவதைக் குறிப்பிடுகிறது. பெயருக்கு அப்பால் முறை எதுவும் அங்குக் கூறப்படவில்லை.

தமிழில் செய்தி எங்கே மறைக்கப்பட்டது?

திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம் முழுவதும் மறைத்தலைப் பற்றியது. ஆயின் மறைக்கப்படுவது ஆள், எழுத்தன்று. ஐயுற முடியாத வடிவம், துறவியின் கோலம், என்ன செய்தாலும் வெளியிடாத நெஞ்சுரம் ஆகியவையே ஒற்றனின் கருவிகள். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரின் சொல் ஒத்தால் நம்புக என்பது செய்தியின் மெய்ம்மையைச் சோதிக்கும் விதி. செய்தியைக் காக்கும் விதியன்று. ‘தூது’ அதிகாரத்திலும் செய்தி தூதன் நாவில் இருக்கிறது. சோழர் அரசில் ‘திருமந்திர ஓலை’ என்ற அலுவலரின் பெயரில் மந்திரம் உண்டு. அவர் எழுதிய ஆணையோ பல இடங்களில் கோயிற்சுவரில் ஊரறிய வெட்டப்பட்டது.

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை இவ்வகையில் தனித்துக் கருதத்தக்கது. மாதவி அனுப்பிய ஓலையைக் கோசிகன் கோவலனிடம் தருகிறான். ஓலை மண்ணிலச்சினை இடப்பட்டது. இலச்சினையில் பதிந்த கூந்தலின் சுவடும் அதன் மணமும் எழுதியவள் யாரென்று கோவலனுக்கு முன்பே உணர்த்திவிடுகின்றன. இன்றைய சொல்லில், அது மறையாக்கமன்று. அனுப்புநரைச் சான்றளிக்கும் முறை. அதைவிட வியப்பானது அடுத்து நிகழ்வது. ஓலையைப் படித்த கோவலன், அதன் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுதியதாகக் கொண்டாலும் பொருந்துவதைக் கண்டு, புதிதாக எழுதாமல் அதே ஓலையை அவர்களுக்குக் கொடுக்கும்படி கோசிகனிடம் திருப்பித் தருகிறான். ஓர் எழுத்தும் மாறவில்லை. விடுநரும் பெறுநரும் மாறியதால் பொருள் மாறியது. எழுத்துமறையில் ஒரே செய்தி பல வடிவில் ஒளியும். இங்கே ஒரே வடிவில் இரு செய்திகள் வாழ்கின்றன. இளங்கோவின் கலைக்கு இது பெருமை. மறையாக்கவியலின் சான்றாக இதைக் கொள்வதற்கு மட்டும் வழியில்லை.

மிறைக்கவியில் நிலைமை சற்று வேறு. தண்டியலங்காரம் சொல்லணியில் கூறும் காதைகரப்பும் கரந்துறைச்செய்யுளும் ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளின் எழுத்துகளைப் பொதிந்துவைப்பவை. பெயரிலேயே கரத்தல் இருப்பதால் இவை இருப்புமறைக்கு நெருங்கியவை. எனினும் இவை கரக்கப்படுவது காட்டப்படுவதற்காகவே. புலவன் அரங்கில் பாடி, பின் உள்ளிருக்கும் செய்யுளை எடுத்துக்காட்டும்போதுதான் அணி நிறைவுறுகிறது. ஆகுஸ்த் கெர்க்காஃப் 1883இல் படைத்துறை மறையாக்கம் பற்றி எழுதியபோது ஒரு விதியை வகுத்தார்: முறை பகைவர் கைக்குச் சென்றாலும் தீங்கு நேரக்கூடாது, காக்கப்பட வேண்டியது திறவுகோல் மட்டுமே. இதனை உரைகல்லாகக் கொண்டால் மிறைக்கவிக்கு முறை உண்டு, திறவுகோல் இல்லை. முறையை இலக்கண நூலே எல்லார்க்கும் கற்பிக்கிறது.

சித்தர் பரிபாஷையோ இதற்கு நேர்மாறு. திறவுகோல் உண்டென்று எல்லாரும் சொல்கின்றனர்; முறை இல்லை. ஒரே சொல்லுக்கு ஓர் உரைகாரர் மூலிகையையும் மற்றவர் மூச்சையும் பொருளாகத் தருகின்றனர். இரண்டும் பாடலுக்குள் பொருந்திவிடுகின்றன. எழுத்துமறை விடுபட்டால் அது விடுபட்டதற்கு அதுவே சான்றாகும். தவறான ஈடு சில சொற்களுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். பரிபாஷையில் அவ்வாறு முட்டும் இடமே இல்லை என்பதால், ‘சித்தர் மறையை விடுவித்தேன்’ என்னும் கூற்றை மெய்ப்பிக்கவும் இயலாது, பொய்ப்பிக்கவும் இயலாது. அது உரைவிளக்கம், நல்ல உரைவிளக்கமாகவும் இருக்கலாம். ஆனால் விடுவிப்பு அன்று.

பஸ்ராவில் ஓர் இலக்கணி

மறையெழுத்தை விடுவிக்கும் கலையின் தொடக்கத்தில் நிற்பவர் படைத்தலைவர் அல்லர், இலக்கண அறிஞர். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மத், அரபு யாப்பியலை வகுத்தவர். ‘கிதாபுல் ஐன்’ என்னும் முதல் அகராதியைத் திட்டமிட்டவர். அந்த அகராதியின் எழுத்துவரிசை வழக்கமான நெடுங்கணக்கன்று. தொண்டையில் பிறக்கும் ஒலியில் தொடங்கி இதழை நோக்கி வருவது. பிறப்பியலையும் செய்யுளியலையும் ஒருங்கே கற்ற தமிழ் மாணவருக்கு அவர் அயலவராகத் தோன்றமாட்டார். அவர் மறையெழுத்து பற்றி எழுதியதாகக் கூறப்படும் நூல் இன்று கிடைக்கவில்லை. கிரேக்க மொழியில் வந்த மறைமடல் ஒன்றை, அது இறைவன் பெயரைக் கூறித் தொடங்கியிருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகத்திலிருந்து எழுத்துகளைப் பெற்று அவர் விடுவித்தார் என்று அரபு மரபு கூறுகிறது.

அகராதிக்காக அவர் செய்த மற்றொரு செயல் இங்கே முதன்மையானது. மூன்று மெய்கொண்ட வேரை ஆறு வகையிலும், நான்கு மெய்கொண்டதை இருபத்து நான்கு வகையிலும் மாற்றியடுக்கி, அவற்றுள் வழக்கில் உள்ளவை எவை, இல்லாதவை எவை எனப் பிரித்தார். இயலக்கூடியவற்றின் முழுத்தொகையை முதலில் வரைந்து, பின் வழக்கை அதன்மேல் வைத்துப் பார்க்கும் முறை இது.

அடுத்த நூற்றாண்டில் அல்-கிந்தி (ஏறத்தாழ 801–873) அதன் மேல் ஒரு படி ஏறினார். இஸ்தான்புல் சுலைமானியா தொகுப்பில் இருந்த அவரது சிறுநூல் 1987இல் டமாஸ்கசிலிருந்து பதிப்பிக்கப்பட்டது. கான் தம் வரலாற்றை எழுதியபோது அதனை அறிந்திருக்கவில்லை. அல்-கல்கஷந்தி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்த பெருந்தொகுப்பும், அதில் இடம்பெற்ற இப்னு அத்-துரைஹிமின் (1312–1361) கருத்துகளுமே அவருக்குச் சான்றாயின. அல்-கிந்தியின் முறை வருமாறு: அதே மொழியில் அமைந்த நீண்ட பகுதி ஒன்றை எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என எண்ண வேண்டும். மறைமடலின் குறிகளையும் அவ்வாறே எண்ண வேண்டும். மிகுதியாக வரும் குறியை மிகுதியாக வரும் எழுத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அரபில் அலிஃபும் அதனை அடுத்து லாமும் முன்னிற்கும். அதனோடு, எவ்வெழுத்து எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதும், மடல்கள் வழக்கமாகத் தொடங்கும் வாய்பாடும் துணைநிற்கும்.

தொல்காப்பியர் எண்ணியவை

அரபியர் பயன்படுத்திய மூன்று கருவிகளுள் இரண்டாவதாகிய சேர்க்கை விதியில் தமிழ் மரபு வளமானது. பதினெட்டு மெய்களுள் ஒன்பதே மொழிக்கு முதலாகும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன, ங ஆகியவை ஆகா. பதினொன்றே மொழிக்கு இறுதியாகும். ர, ழ இரண்டும் தம்முன் தாம் இரட்டிக்கமாட்டா. ஙகர ஒற்றை அடுத்து வருவது பெரும்பாலும் ககரமே.

மெய்யையும் உயிரையும் பிரித்து எழுதும் ஓர் எழுத்துமறையைத் தமிழில் கற்பனை செய்வோம். ஒரு குறி எப்போதும் ஒரே குறியால் தொடரப்படுமானால் அவ்விரண்டும் ‘ங்க’ ஆகலாம் என்று ஐயுறலாம். ஒரு குறி மிகுதியாக வந்தும், சொல் முதலில் ஒருபோதும் வாராமலும் தன்னோடு தான் இரட்டாமலும் இருந்தால் அதனை ரகரம் எனக் கருதத் தொடங்கலாம். நூன்மரபும் மொழிமரபும் விடுவிப்பவருக்கு ஆயத்தமான கையேடு.

இவ்விடத்தில் ‘தமிழர் எண்ணவில்லை, அரபியர் எண்ணினர்’ என்று முடித்துவிடுவது எளிது, அது சரியன்று. தொல்காப்பியர் எண்ணுகிறார். சுகரத்தில் இறும் சொற்கள் இரண்டே என்கிறார். உரையாசிரியர் உசு, முசு எனக் காட்டுவர். புகரத்தில் இறுவது ஒன்று, அது தபு. ஞகர ஒற்றில் முடிவது ஒன்று, நகர ஒற்றில் முடிவன இரண்டு, வகர ஒற்றில் முடிவன நான்கு. மகர இறுதியோடு மயங்காத னகர இறுதிச் சொற்கள் ஒன்பது என்றும் வரையறுக்கிறார். சொற்களஞ்சியம் முழுவதையும் இறுதியெழுத்து நோக்கில் துழாவிய ஒருவராலன்றி இவ்வெண்களைத் தர இயலாது. செய்யுளியலில் அவரது எண்ணுதல் ஓடும் அடிக்குள்ளேயே நுழைகிறது. நான்கு முதல் ஆறு எழுத்து குறளடி, ஏழு முதல் ஒன்பது சிந்தடி, பத்து முதல் பதினான்கு நேரடி, பதினைந்து முதல் பதினேழு நெடிலடி, பதினெட்டு முதல் இருபது கழிநெடிலடி.

எனவே வேறுபாடு எண்ணுவதில் இல்லை. ஓர் அடியில் எத்தனை எழுத்து என்று எண்ணியவர், அவற்றுள் எத்தனை ககரம் என்று எண்ணவில்லை. வகரத்தில் முடியும் சொற்கள் நான்கு என்று எண்ணியவர், அந்நான்கும் வழக்கில் எத்தனை முறை வரும் என்று கேட்கவில்லை. அவருக்கு எழுத்து ஒரு வகை. அல்-கிந்திக்கு அது ஒரு நிகழ்ச்சி. வகையை வரையறுப்பவனுக்கு ஒருமுறை வருவதும் ஆயிரம்முறை வருவதும் ஒன்றே. வருமா, வாராதா என்பதே வினா. ‘தபு’ ஒரேயொரு சொல்லாயினும் அதற்கென ஒரு நூற்பா வேண்டும். அல்-கிந்தியின் கணக்கில் அது தென்படாமலே போயிருக்கும்.

இதற்கு எழுத்தமைப்பும் ஒரு காரணமாகலாம். அரபின் இருபத்தெட்டு எழுத்துகள் தாளில் தனித்தனியே எண்ணத்தக்கவை. தமிழில் எண்ணப்பட வேண்டியது எது? முப்பது முதலெழுத்தா, இருநூற்று நாற்பத்தேழு வரிவடிவமா? ‘கா’ என்பது ஒன்றா, இரண்டா? யாப்புக்காக எண்ணும்போது ஒற்றும் குற்றியலுகரமும் விலக்கப்படுகின்றன. மறையெழுத்துக்கு அவற்றை விலக்க இயலாது. ஆனால் இதனை முழுக்காரணமாகக் கொள்வதில் தயக்கம் உண்டு. அரபியரைத் தூண்டியது எழுத்தமைப்பைவிட, மடல்களைக் கொண்டே ஆட்சி நடத்திய எழுத்தர் வகுப்பின் தேவை எனக் கருத இடமிருக்கிறது. தேவை இருந்த இடத்தில் இலக்கண அறிவு கருவியாயிற்று. தமிழகத்தில் இலக்கணியும் ஒற்றனும் ஒரே அறையில் அமர நேரவில்லை.

ஏட்டிலும் பாறையிலும்

மறைக்கும் நோக்கமின்றியே மறைந்துபோன எழுத்துகள் தமிழில் ஏராளம். ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஒவ்வோர் அடியிலும் செய்தது, இயலக்கூடிய பல வாசிப்புகளுள் யாப்பும் இலக்கணமும் சூழலும் விலக்குவனவற்றை விலக்கி எஞ்சியதைக் கொள்வதாகும். மடலின் தொடக்கத்தை ஊகித்த அல்-கலீலின் அறிவுமுறைக்கும் இதற்கும் உள்ள உறவு, மிறைக்கவிக்கும் மறையாக்கத்துக்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது. தமிழில் மறையெழுத்தறிவைத் தேடுவோர் அதனை மறைப்பவரிடம் தேடுகின்றனர். அது படிப்பவரிடம் இருந்தது.

குகைக் கல்வெட்டுகளின் வரலாறு இதனை உறுதிப்படுத்துகிறது. அவை பிராகிருதம் எனக் கருதப்பட்ட சூழலில், கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் அவற்றின் மொழி தமிழ் என நிறுவ முற்பட்டார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒரு பாதி இருப்பைப் பற்றியது: தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன வடிவங்கள். மறுபாதி இன்மையைப் பற்றியது: வடமொழிக்குரிய ஒலிப்புடை வல்லெழுத்துகள் அங்கு வாராமை. ஒன்று வாராததைச் சான்றாக்கும் துணிவு மொழிமரபு பயின்றவருக்கே எளிதில் வரும். பின்னர் ஐராவதம் மகாதேவன் தொடக்ககாலத் தமிழியில் உயிர்க்குறியும் புள்ளியும் கையாளப்பட்ட முறையைப் படிநிலைகளாக வகுத்தபோது, புள்ளி பற்றிய தொல்காப்பிய விதி அவருக்குத் துணைநின்றது. அதே மகாதேவன் சிந்துவெளி எழுத்துக்கு 1977இல் வெளியிட்ட அடைவில் 417 குறிகளையும் அவை வரும் இடங்களையும் கணிப்பொறி கொண்டு எண்ணிப் பட்டியலிட்டார். அங்கே மொழியே தெரியாது. ஆகவே எது வாராது எனக் கூறும் இலக்கணமும் இல்லை. வருகையை எண்ணுவதன்றி வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.

இன்று கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் கிடைக்கும் பானையோடுகள் சிலவெழுத்துகளே கொண்டவை; பல உடைந்த ஆட்பெயர்கள். இவற்றின் ஐயத்துக்கிடமான எழுத்துகளைத் தீர்மானிக்க வருகைக் கணக்கை நாடும் முயற்சிகளுக்கு அல்-கிந்தியே ஓர் எல்லையை முன்பு வகுத்திருக்கிறார்: மடல் நீளமாக இருந்தால்தான் எண்ணிக்கை நம்பத்தக்கது, குறுகியதாயின் எழுத்துகளின் சேர்க்கையையும் சேராமையையும் கொண்டே தீர்க்க வேண்டும். ஐந்தெழுத்து உள்ள ஓட்டில் எதையும் எண்ணிப் பயனில்லை. முதலெழுத்து டகரமாக வாசிக்கப்பட்டால் அந்த வாசிப்பை ஐயுற வேண்டும் என்று சொல்ல மொழிமரபின் ஒரு நூற்பா போதும்.